பிளேடு, குண்டூசி, ஒரு காபிப் பூ

புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம். பள்ளிப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடும். அதே பிள்ளையின் கையில் ஒரு ஹைட்ரேஞ்சியாக் கொத்தைக் கொடுத்து, "இதுல அல்லி இதழ் எது, காட்டு" என்றால் முழிக்கும். பாவம், அது பார்த்ததெல்லாம் புத்தகத்துச் செம்பருத்திப் படம் ஒன்றுதான். அதுவும் வேறு யாரோ வெட்டி, வேறு யாரோ வரைந்தது.

நான் தாண்டிக்குடிப் பக்கம் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது காபி, மிளகு, நாலைந்து வெண்ணெய்ப்பழ மரம் என்று ஒரு சின்னத் தோட்டம். லீவுக்கு வரும் பேரப் பிள்ளைகளுக்கும் அவர்கள் இழுத்து வரும் கூட்டத்துக்கும் பூவைப் பிரித்துப் பார்க்க நான் சொல்லித்தரும் முறைதான் இது. பழனி மலைப் பூக்களை வைத்துச் சொல்கிறேன். கீழ்நாட்டில் இருப்பவர்கள் அங்கே கிடைக்கும் பூவை எடுத்துக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

தேவையானவை கொஞ்சம். ஒரு புது சவர பிளேடு, பாதியாக உடைத்து ஒரு பக்கம் டேப் சுற்றியது. இரண்டு குண்டூசி. ஒரு வெள்ளைத்தாள், ஒரு கறுப்புத்தாள். மகரந்தத்தைப் பார்க்கக் கறுப்புத்தாள் கட்டாயம் வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் நல்லது; இல்லையென்றால் போன் கேமராவைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பிளேடு பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

காலையில் பனி காய்ந்த பிறகு பூவைப் பறியுங்கள். ஈரமாக இருந்தால் மகரந்தம் கட்டிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. ஒரே செடியில் மொட்டு, பாதி விரிந்தது, நேற்று விரிந்தது, இதழ் கொட்டிப் பிஞ்சு பிடித்தது என நான்கு பருவமும் எடுங்கள். ஒரு பூவை மட்டும் வெட்டுகிறவருக்குப் பாகத்தின் பெயர் தெரியும். நான்கையும் அடுக்கி வெட்டினால் அது என்ன வேலை செய்கிறது என்பதும் தெரியும்.

அடுக்குப் பூ வேண்டாம். அடுக்குச் செம்பருத்தி, கடை ரோஜா இவற்றிலெல்லாம் மகரந்தத்தாள்கள் பெரும்பாலும் இதழாக மாறியிருக்கும். புதிதாகப் பார்ப்பவரைக் குழப்பிவிடும். சாமந்தி, ஜெர்பரா, டாலியாவும் முதல் நாளைக்கு ஆகாது. அங்கே நாம் 'இதழ்' என்று பிய்ப்பது ஒவ்வொன்றும் ஒரு முழுப் பூ.

இன்னொன்றைத் தொடவே வேண்டாம். கொடைக்கானல் சாலையோரங்களில் வெள்ளையும் மஞ்சளுமாகத் தலைகீழாகத் தொங்கும் பெரிய குழல் பூ, ஊமத்தையின் நெருங்கிய உறவு. பாகங்கள் பெரிதாக இருப்பதால் ஆசை வரும். ஆனால் செடி முழுக்க விஷம். சாறு பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கிவிடும். காட்டுக்குள் இருப்பதைப் பறிப்பதும் கூடாது, கொடைக்கானல் மலையின் பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயம். குறிஞ்சியைப் பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டால் கீழே உதிர்ந்த பூ போதும். அதற்கும் காத்திருக்க வேண்டும்: 2006, 2018 என்று 12 வருடக் கணக்கில் பூக்கிறது, அடுத்தது 2030.

சரி, பிளேடை எடுப்போம். எங்கள் ஊரில் முதல் பாடத்துக்குக் காபிப் பூவை விட நல்ல பூ கிடையாது. மாசி, பங்குனியில் ஒரு நல்ல பூ மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகிவிடும். மல்லிகை வாசம் வீட்டுக்குள் வரும். இரண்டு மூன்று நாளில் எல்லாம் வாடிவிடும் என்பதால் அந்த நேரத்தில் வீட்டு வேலையை ஓரங்கட்டிவிடுவேன்.

இலைக் கணுவில் கொத்தாக இருக்கும் பூக்களில் ஒன்றைக் காம்போடு கிள்ளுங்கள். எப்போதும் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும், கீழிருந்து மேலே பார்க்க வேண்டும். பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

கீழே பச்சையாக, குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு உருண்டை. அதன் விளிம்பில் லென்ஸ் வைத்தால் மட்டும் தெரியும் சின்னப் பற்கள். அவைதான் புல்லி வட்டம். மொட்டாக இருக்கும்போது மற்ற பாகங்களை மூடிக் காப்பது புல்லியின் வேலை. காபியில் அது கிட்டத்தட்டப் பேருக்கு மட்டும்தான் இருக்கிறது. செம்பருத்தி மொட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அங்கே புல்லி முழு உறையாக இருக்கும்.

அடுத்தது வெள்ளைக் குழல், மேலே ஐந்தாகப் பிரிந்தது. இது அல்லி வட்டம். இதை மெல்லப் பிடித்து மேலே இழுங்கள். குழல் கழன்று வரும்போது ஐந்து மகரந்தத்தாளும் கூடவே வந்துவிடும், ஏனென்றால் அவை குழலின் வாயில்தான் ஒட்டியிருக்கின்றன. கையில் மிஞ்சுவது பச்சை உருண்டையும் அதன் நடுவிலிருந்து எழும் ஒரு வெள்ளை இழையும். அந்த இழையின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். இவ்வளவுதான் சூலகம். உருண்டை சூற்பை, இழை சூல்தண்டு, பிளந்த நுனி சூல்முடி.

கழன்ற குழலைக் குண்டூசியால் நீளவாக்கில் கிழித்துக் கறுப்புத்தாளில் விரியுங்கள். ஒவ்வொரு மகரந்தத்தாளிலும் ஒரு சின்னக் கம்பி, அதன் மேல் நீளமான மகரந்தப்பை. பையைத் தாளில் தட்டினால் தூள் கொட்டும். அந்தத் தூள் சூல்முடியில் போய் ஒட்ட வேண்டும் என்பதற்குத்தான் இந்த வெள்ளை, இந்த வாசம், குழலின் அடியில் ஊறும் தேன் எல்லாம். அரபிகா காபிக்குத் தன் மகரந்தமே போதும், வெளி உதவி இல்லாமலும் காய் பிடிக்கும். தேனீ வந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

இப்போது அந்தப் பச்சை உருண்டையைக் குறுக்கே வெட்டுங்கள். கை நடுங்கக் கூடாது. நாலைந்து பூ வீணாகும், பரவாயில்லை. உள்ளே இரண்டு அறை, அறைக்கு ஒரு சூல். சூல்முடி இரண்டாகப் பிளந்திருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதே இரண்டுதான் எட்டொன்பது மாதம் கழித்துப் பழத்தைப் பிதுக்கும்போது முதுகு வளைந்து வயிறு தட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டி வரும் இரண்டு கொட்டை.

எங்கள் தோட்டத்தில் பழம் எடுக்க வரும் அக்கா ஒருமுறை, "டீச்சர், சில பழத்துல மட்டும் ஒத்தைக் கொட்டை உருண்டையா வருதே, அது என்ன சாதி?" என்று கேட்டார். அது தனிச் சாதி இல்லை. இரண்டு சூலில் ஒன்று வளராமல் போனால், மிஞ்சிய சூல் எதிரில் அணைத்துத் தட்டையாக்க ஆள் இல்லாமல் முழு இடத்தையும் எடுத்துக்கொண்டு உருண்டுவிடும். வியாபாரிகள் அதைத்தான் பீபெரி என்று தனியாகப் பொறுக்கித் தனி விலைக்கு விற்கிறார்கள்.

சூற்பை இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். காபியில் அது புல்லிக்கும் அல்லிக்கும் கீழே இருக்கிறது. இது கீழ்மட்டச் சூற்பை. பேரியிலும் அப்படித்தான். கொடைக்கானல் பேரிக்காயைத் தலைகீழாகத் திருப்பி, காம்புக்கு எதிர்ப்பக்கக் குழியைப் பாருங்கள். கருகிச் சுருண்டு ஏதோ ஒட்டியிருக்கும். காய்ந்த புல்லியும் மகரந்தத்தாளும்தான் அவை. பிளம்ஸ் பழத்தில் அந்த இடம் மொழுமொழுவென்று இருக்கும், ஏனென்றால் அதன் சூற்பை மற்ற பாகங்களோடு ஒட்டாமல் தனியாக நின்றது. பூவைப் பார்க்காமலே பழத்தை வைத்துப் பூ எப்படி இருந்திருக்கும் என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு இது. பழக்கடையில் நின்று ஆடினால் கடைக்காரர்தான் கொஞ்சம் முறைப்பார்.

சௌசௌப் பந்தல் பக்கத்தில் இருந்தால் ஆண் பூ, பெண் பூ பாடம் பத்து நிமிட வேலை. ஒரே கணுவில் நீளக் காம்பில் வரிசையாக இருப்பவை ஆண் பூக்கள். தனியாக, அடியில் கடலை அளவுக்குச் சௌசௌவே தொங்குவது பெண் பூ. அந்தக் குட்டிச் சௌசௌ இன்னும் காய் ஆகவில்லை, சூற்பைதான். மகரந்தம் கிடைக்காவிட்டால் மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

அடுத்த கட்டம், நம்மை ஏமாற்றும் பூக்கள். சுற்றுலா வருகிறவர்கள் போட்டோ எடுக்கும் பூக்களில் பாதி இந்த வகை என்பது என் அபிப்பிராயம். இங்கே ஒரே விதி, நிறத்தைப் பார்க்காதே, இடத்தைப் பார். மகரந்தத்தாளுக்கு நேர் வெளியே இருப்பது அல்லி, அதற்கும் வெளியே இருப்பது புல்லி, அதற்கும் கீழே காம்பில் இருப்பது பூவடிச் செதில். நிறம் எதுவாகவும் இருக்கலாம்.

ஹைட்ரேஞ்சியாவை இந்த விதியோடு பாருங்கள். நீலமாக, நாலு நாலாக விரிந்திருப்பவை புல்லி இதழ்கள். கொத்தை விலக்கினால் உள்ளே கடுகளவு பூக்கள் ஒளிந்திருக்கும். அவற்றில்தான் உண்மையான அல்லியும் மகரந்தத்தாளும் ஒழுங்காக இருக்கும். அல்லி இதழ் தன் வேலை முடிந்ததும் உதிர்ந்துவிடும், புல்லிக்கு அந்த அவசரம் இல்லை. ஹைட்ரேஞ்சியாக் கொத்து மாதக்கணக்கில் உதிராமல் நின்று, பிறகு பச்சையாகிக் காய்வதற்குக் காரணம் அதுதான். நம் மலை மண் புளிப்பு மண் என்பதால் செடி அலுமினியத்தை எடுத்துக்கொண்டு நீலமாகப் பூக்கிறது. அதே செடி சுண்ணாம்பு மண்ணில் இளஞ்சிவப்பாகும்.

காகிதப்பூவில் நிறமாக இருப்பது மூன்று பூவடிச் செதில். பூ நடுவில் இருக்கும் வெளிர்க்குழல். கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவக்கும் பாயின்செட்டியாவும் செதில் வித்தைதான் (அதன் பால் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). ஓடையோரச் சதுப்பில் வெள்ளையாகச் சுருண்டு நிற்கும் காலா லில்லி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த செடி. அந்த வெள்ளை முழுவதும் ஒரே மடல், பூக்கள் நடுவிலுள்ள மஞ்சள் தண்டில் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கும், மேலே ஆண், அடியில் பெண். சேப்பங்கிழங்குக் குடும்பம், அதனால் சாறு அரிக்கும். தலைகீழாகத் தொங்கும் ஃபியூசியாவில் சிவப்பாக மடங்கி நிற்கும் நாலும் புல்லி, உள்ளே ஊதாவாகச் சுருண்டிருப்பவை அல்லி. எட்டு மகரந்தத்தாளும் அதற்குள்ளிருந்து நீண்டு தொங்கும். பிரித்து அடுக்க இதைவிட அழகான பூ இந்த மலையில் இல்லை.

மகரந்தப்பை எல்லாப் பூவிலும் ஒரே மாதிரி திறப்பதில்லை. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் உருளைக்கிழங்கு பூக்கும்போது ஒரு பூவைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கத்தரிப் பூ போதும். நடுவில் ஐந்து மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாகச் சேர்ந்து நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளை; மகரந்தம் வெளியே வர அது ஒன்றே வழி. உப்புக் குலுக்கி போலத்தான், ஆட்டினால் கொட்டும். பேட்டரியில் ஓடும் பல் பிரஷை ஓடவிட்டுப் பூக்காம்பில் தொடுங்கள், கீழே கறுப்புத்தாளைப் பிடியுங்கள். புகைபோல மகரந்தம் இறங்கும். தோட்டத்தில் இந்த வேலையைக் கருவண்டு செய்கிறது. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும்போது அதன் ரீங்காரமே மாறிவிடும், காது கொடுத்துக் கேளுங்கள். நம் தேனீக்கு அந்த வித்தை தெரியாது.

சூல்தண்டின் வேலையைக் காட்ட நான் பூவைக்கூட எடுப்பதில்லை, மக்காச்சோளக் கதிர் வாங்குவேன். கொடைக்கானலில் எந்த முனையிலும் சுட்டு விற்கிறார்கள். பச்சையாக, உறையோடு ஒன்று கேளுங்கள். உறையை உரிக்கும்போது நாம் சலித்துக்கொண்டு பிய்த்துப் போடும் பட்டு நூல் இருக்கிறதே, அதுதான் சூல்தண்டும் சூல்முடியும். ஒரு நூலை மட்டும் பிடித்து அடிவரை போனால் அது ஒரே ஒரு மணியில் போய் முடியும். மணிக்கு ஒரு நூல், கணக்கு தப்பாது. செடி உச்சியிலிருக்கும் ஆண் கதிரின் மகரந்தம் நூல் நுனியில் விழுந்து, அங்கிருந்து ஒரு நுண்குழாயை வளர்த்து, நூலின் நீளம் முழுக்க உள்ளே இறங்கிச் சூலை அடைகிறது. நூல் ஒரு சாண் நீளம் இருந்தாலும் அதிகபட்சம் ஒரு நாள் போதும். பொக்கைப்பல்லாக மணி விட்டுப்போன கதிரைக் கடைக்காரர் மலிவாகத் தருவார், விடாமல் வாங்குங்கள். விட்டுப்போன இடத்தில் பெரும்பாலும் மகரந்தம் கிடைக்காத நூல்தான் இருந்திருக்கும்.

கொஞ்சம் கை பழகிய பிறகு பாஷன் புரூட் பூவுக்கு வாருங்கள். கீழே மூன்று பூவடிச் செதில், அப்புறம் ஐந்து புல்லி, ஐந்து அல்லி. புல்லி, அல்லி இரண்டின் உட்புறமும் வெள்ளைதான். புறங்கையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் பூவைத் திருப்பினால், முதுகு பச்சையாக இருப்பது புல்லி. அதன் மேல் ஊதாவும் வெள்ளையுமாகச் சுருண்ட இழைகள் வட்டமாக நிற்கும். இவை பாடப்புத்தகத்தின் நான்கு வட்டத்தில் எதிலும் சேராத கூடுதல் அலங்காரம், வண்டுக்குத் தேன் இருக்கும் திசையைக் காட்டுகிறது. நடுவில் ஒரு தூண், தூணில் ஐந்து மகரந்தத்தாள், அதற்கு மேல் பச்சைச் சூற்பை, உச்சியில் ஆணித்தலை வைத்த மூன்று சூல்தண்டு.

பழத்தோல் கறுப்பாக இருக்கும் வகையின் பூ விடியலில் விரிந்து உச்சிப்பொழுதுக்குள் மூடிவிடும். விரிந்த உடனே பார்த்தால் மூன்று சூல்முடியும் வானத்தைப் பார்த்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் அவை மெல்ல வளைந்து மகரந்தப்பையின் மட்டத்துக்கு இறங்கும், தேன் குடிக்க வரும் கருவண்டின் முதுகில் உரசத்தான். வண்டு குறைந்த பந்தலில் இந்த வேலையை நாமே செய்யலாம். சூல்முடி இறங்கிய பிறகு, ஒரு மகரந்தத்தாளைக் கிள்ளி மூன்று முடியிலும் நன்றாகத் தேயுங்கள். மூன்றையும் தேய்க்க வேண்டும், அவசரத்தில் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். கறுப்பு வகைக்கு அதே பூவின் மகரந்தம் போதும். மஞ்சள் வகை நண்பகலில் விரியும், அதற்கு வேறு கொடியின் மகரந்தம் வேண்டும். பூ விரிந்திருக்கும்போது மழை பெய்தால் மகரந்தம் நனைந்து கெட்டுவிடும், அன்றைய உழைப்பு அவ்வளவுதான். மகரந்தம் குறைவாகச் சேர்ந்த பழம் பார்க்கப் பெரிதாக இருந்து, வெட்டினால் உள்ளே பாதி காலியாக இருக்கும். ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத்தூள் வந்திருக்க வேண்டும் இல்லையா? காலித் தோட்டின் உட்சுவரைப் பாருங்கள், விதை ஒட்டியிருந்த தடம் மூன்று பட்டையாகத் தெரியும். மூன்று சூல்முடியின் கணக்கு அங்கேயும் நிற்கிறது.

வெண்ணெய்ப்பழத்துக்கு பிளேடு வேண்டாம், கலர் நூலும் பொறுமையும் போதும். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டிகேடி 1 என்றே ஒரு ரகம் வெளியிட்டிருக்கும் பகுதி இது, மரத்துக்குப் பஞ்சமில்லை. காலையில் விரிந்திருக்கும் சில பூக்களின் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். லென்ஸில் பாருங்கள்: சூல்முடி நடுவில் வெள்ளையாக நிமிர்ந்து நிற்கிறதா, ஒன்பது மகரந்தத்தாளும் பூவோடு படுத்துக் கிடக்கின்றனவா? அப்படியானால் பூ இப்போது பெண். மூடிக்கொள்ளும். மறுநாள் பிற்பகல் அதே நூல் கட்டிய பூவைப் பாருங்கள். மறுபடி விரிந்திருக்கும், மகரந்தத்தாள்கள் எழுந்து நின்று தூள் உதிர்க்கும், சூல்முடி பழுத்துக் காய்ந்திருக்கும். பூ இன்று ஆண். இன்னொரு வகை மரத்தில் இதே நேர அட்டவணை தலைகீழ்: முதல் நாள் பிற்பகல் பெண், மறுநாள் காலை ஆண். இரண்டு பாகமும் ஒரே பூவில் இருந்தும் ஒன்றையொன்று தொடவிடாத ஏற்பாடு. இரண்டு வகை மரத்தையும் பக்கத்தில் வைத்தால் காய் கூடும் என்று சொல்வது இதனால்தான். குளிர் அதிகமான நாளில் மரத்தின் அட்டவணை குழம்பும், உங்கள் குறிப்பும் குழம்பும். வெயில் நாளாகப் பாருங்கள். நூறு பூவில் ஒன்றுகூடக் காயாவதில்லை, ஆகவே நூல் கட்டிய பூ உதிர்ந்தால் பிள்ளைகள் அழ வேண்டாம்.

பிரித்த பாகங்களை வெள்ளைத்தாளில் வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் வைத்து அகலமான செலோ டேப்பை மேலே ஒட்டிவிடுங்கள். சூற்பையை மட்டும் நீளவாக்கில் பாதியாக வெட்டி ஒட்ட வேண்டும், முழுசாக ஒட்டினால் அழுகிவிடும். செடியின் பெயர், இடம், தேதி எழுதுங்கள். பக்கத்தில் காலியாக ஒரு கட்டம் விட்டு வையுங்கள், அதே செடி காய்த்த பிறகு எந்தப் பாகம் என்ன ஆனது என்று நிரப்புவதற்கு. கத்தரிக்காயின் பச்சைத் தொப்பி புல்லி. ஆரஞ்சுச் சுளை ஒவ்வொன்றும் சூற்பையின் ஓர் அறை. வேலியோரம் முளைக்கும் சொடக்குத் தக்காளியைப் பிள்ளைகள் நெற்றியில் அடித்து வெடிப்பார்களே, 'டப்' என்று உடைவதும் புல்லிதான். பூவாக இருந்தபோது சின்னதாக இருந்து, உள்ளே பழம் வளர வளரத் தானும் ஊதிப் பெருத்துப் பையாகிவிட்டது. அந்தக் கட்டத்துக்கு வெடித்த பையையே ஒட்டிவிடலாம், டேப் நன்றாகப் பிடிக்கும்.